தருமபுரியில் காலநிலை நீதிக் கூட்டம் நடத்தினோம், மைக் யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று பேச வேண்டும்

சாமைச்சோறு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை தருமபுரியில் எங்கள் கல்லூரியில் காலநிலை நீதி, நீடித்த வாழ்வு பற்றி ஒரு நாள் கூட்டம் நடத்தினோம். மாணவர்கள், ஆசிரியர்கள், சுற்று வட்டார ஊர்க்காரர்கள் என்று அரங்கம் நிறைந்துவிட்டது. நான் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன், எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். நன்றாக நடந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

காலை 10 மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினோம். அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, சிறப்புரை. சிறப்புரை உண்மையிலேயே நல்ல உரை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு இந்தியரின் கணக்கில் வருஷத்துக்குச் சராசரியாக 2 டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, ஒரு அமெரிக்கரின் கணக்கில் 14 டன் அளவுக்கு, அதனால்தான் 1992 ஐ.நா. ஒப்பந்தத்திலேயே பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்று எழுதி வைத்தார்கள் என்று அவர் விளக்கியபோது பின் பெஞ்சு வரைக்கும் கவனித்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஊர்க்காரர்கள் பேச 45 நிமிஷம் ஒதுக்கியிருந்தோம். காலை உரைகள் இழுத்ததில் அது 3.50க்குத்தான் தொடங்கியது. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் ஊருக்கு டவுன் பஸ் 4.20க்கு, அதை விட்டால் ராத்திரிதான். அதில் ஒரு அக்கா ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார், மேடையில் வைத்துவிட்டுப் பேசினார். "இது எங்க போர் தண்ணிங்க. நான் கல்யாணமாகி வந்தப்ப கெணத்துல எறச்சோம். அப்புறம் 400 அடி போர். இப்ப 1,100 அடி. குடிக்கறதுக்குக் குழாய்த் தண்ணி வருது, சோறாக்கறது மொதக்கொண்டு மீதி எல்லாத்துக்கும் இதான்." பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பல்லைக் காட்டச் சொன்னார். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு கோடாக இருந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார்கள், பையன் உடனே கையால் வாயை மூடிக்கொண்டான்.

அந்த அக்கா பேசியது மொத்தம் நான்கு நிமிஷம். "நேரம் ஆகிவிட்டது" என்று துண்டுச்சீட்டு எழுதி நீட்டியவள் நான்தான். அந்தச் சீட்டு இன்னும் என் நோட்டுக்குள் இருக்கிறது.

அடுத்த கூட்டம் பொங்கலை ஒட்டி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். எப்படி வைத்தால் சரியாக இருக்கும்? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் மனம் விட்டு எழுதுங்கள்.

கெலவரப்பள்ளிக்காரன்

நானும் வந்திருந்தேன் தங்கச்சி, ஓசூரிலிருந்து. உங்கள் மேல் தப்பு இல்லை, எல்லாக் கூட்டமும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பா செய்த அநீதியைப் பேசும்போது நம் கூட்டங்களில் குரல் ஓங்குகிறது, பக்கத்து ஊர் செய்யும் அநீதி வந்தால் குரல் இறங்கிவிடுகிறது.

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து போகிறது. மேட்டுக்கு மேட்டுக்கு பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள், அதற்கு ஆகிற கரண்டே பெரிய கணக்கு. நகரம் அதைக் குளித்துத் துவைத்துக் கழுவி விடுகிறது. சாக்கடையாகப் பெல்லந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் வந்து, அங்கிருந்து தென்பெண்ணையில் இறங்கி, எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெய்து மதகு திறந்தால் சோப்பு நுரை ஆள் உயரத்துக்கு நிற்கும். காற்றடித்தால் ரோட்டில் பறக்கும், தரைப்பாலம் தெரியாது, பைக்கில் போகிற ஆள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் நின்று வீடியோ எடுப்பார்கள், நாங்கள் அதே தண்ணீரைத்தான் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் பாய்ச்சுகிறோம். வாய்க்காலில் இறங்கி மடை மாற்றிவிட்டு வந்தால் ராத்திரி பூரா கால் அரிக்கும்.

காவிரி ஒகேனக்கல் வழியாக வந்தால் குடிநீர். அதே காவிரி பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ஓசூர் வழியாக வந்தால் நுரை. இரண்டும் நம் இரண்டு மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறது. நீதி என்று பேசுகிற கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

வேதியியல் வாத்தியார்

சாமைச்சோறு, நீங்கள் வருத்தப்படுவது நியாயம். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன் பல்லில் இருப்பது ஃபுளூரோசிஸ், தண்ணீரில் ஃபுளூரைடு அதிகமானால் பல்லில் கறை பிடிக்கும் நோய். அந்த ஃபுளூரைடு பாறையிலிருந்து வருவது. நம் பக்கத்துப் பாறைகளில் ஃபுளூரைடு உள்ள தாதுக்கள் அதிகம், தண்ணீர் நெடுநாள் அதில் ஊறிக் கிடந்தால் கரைந்து வரும். கார்பன் உமிழ்வுக்கு முன்னாலும் அந்தப் பாறை அங்கேதான் இருந்தது. எல்லாத் துன்பத்தையும் காலநிலை மாற்றம் என்ற ஒரே கணக்கில் எழுதினால், நாளைக்கு யாராவது ஒருவர் எழுந்து "இது தப்பு" என்று நிரூபித்துவிட்டு மீதி எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுக்க விரும்புவது இந்த ஒழுங்கைத்தான்.

இன்னொன்று, கூட்டத்தில் யாரோ "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று அந்த அம்மாவுக்கு யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சாமைச்சோறு

சார், கொதிக்க வைக்கும் விஷயம் எனக்கே இப்போதுதான் தெரிகிறது, நன்றி. பாறை பழையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் 400 அடியிலிருந்து 1,100 அடிக்குப் போனது பழைய கதை இல்லையே. மழை வரும் நாட்கள் குறைந்து, வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடினால், தண்ணீர் மண்ணில் இறங்க நேரம் எங்கே? மேலே ஊறாததால் ஆழம் போகிறார்கள், ஆழம் போகப் போக நெடுநாள் பாறையில் கிடந்த தண்ணீர் வருகிறது. இந்தச் சங்கிலியில் காலநிலைக்கு ஒரு கண்ணி இருக்கிறது, போர் போடுவதில் நமக்கு ஒரு கண்ணி, ஏரிகளைத் தூர விட்டதில் ஒரு கண்ணி. மூன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்லலாமே.

வேதியியல் வாத்தியார்

பிரித்துச் சொன்னால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நீங்கள் சொன்ன சங்கிலி சரிதான். ஆழத்துத் தண்ணீரில் கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடியிருந்தால் ஃபுளூரைடு இன்னும் சுலபமாகக் கரையும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட்

ஒரே நாளில் கொட்டுவது என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 டிசம்பர் 1 ராத்திரி நான் ஊத்தங்கரையில் இருந்தேன். ஃபெஞ்சல் புயல் கடலோரத்தில் கரையேறியது, நமக்கு என்ன என்று படுத்துவிட்டோம். 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரு ராத்திரியில். விடிந்து பார்த்தால் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஏரிப் பக்கம் அடித்துக்கொண்டு போனது. அந்த வீடியோவை நாடே பார்த்தது.

வீடியோவில் வராததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, பொங்கலுக்குத் தைக்க வாங்கி வைத்த துணி அத்தனையும் சேற்றில். துணி அவருடையது இல்லை, வாடிக்கைக்காரர்களுடையது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நிவாரணத்துக்கு வழி இருக்கிறது, ஊரார் துணிக்கு எந்த படிவத்தில் எழுதுவது? அவர் ஆறு மாசம் கூலி வாங்காமல் தைத்துத் தீர்த்தார்.

காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக ஈரம் பிடித்து வைக்கும் என்று உங்கள் கூட்டத்தில் ஒரு மாணவி சுவரொட்டி வைத்திருந்தார். எனக்கு அன்று பிடித்தது அந்தச் சுவரொட்டிதான், நின்று இரண்டு தடவை படித்தேன். 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் ஏழை நாடுகளுக்கு ஆகும் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதி என்று முடிவு செய்தார்களே, அந்த நிதியின் கணக்கில் தையல் கடை அக்காவுக்கு ஒரு வரி உண்டா என்று கேட்கத்தான் கை தூக்கினேன். நேரம் இல்லை என்றார்கள்.

பெங்களூரா தோப்பு

கிருஷ்ணகிரி பக்கம் மூன்று ஏக்கர் மாந்தோப்பு எனக்கு. கிளிமூக்கு என்று சொல்வோமே, பெங்களூரா, அதுதான் பாதிக்கு மேல், கூழ் கம்பெனிக்குப் போகிற காய். மா பூக்க வேண்டுமென்றால் மார்கழி, தையில் ராத்திரி நல்ல குளிரும் வறண்ட பகலும் வேண்டும். இப்போது குளிர் தள்ளிப் போகிறது, ஒரே மரத்தில் ஒரு கிளை பூவாகவும் இன்னொரு கிளை துளிராகவும் நிற்கிறது. பூவில் மழை விழுந்தால் கருகும், பிஞ்சில் வெயில் ஏறினால் உதிரும். மருந்து இரண்டு தடவை அடித்த இடத்தில் ஐந்து தடவை அடிக்கிறோம்.

சரி, இத்தனையும் தாண்டி 2025இல் காய் நன்றாகப் பிடித்தது. விலை கிலோ 5 ரூபாய்க்கு விழுந்தது. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் இருந்து போகிற நிலைமை, எத்தனையோ பேர் பறிக்காமலே விட்டார்கள், தோப்பு முழுக்கப் புளித்த வாசனை. பொய்த்தாலும் நஷ்டம் எங்களுக்கு, விளைந்தாலும் நஷ்டம் எங்களுக்கு. மாணவர்களுக்கு என் வேண்டுகோள், மரம் நடச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நட்ட மரத்தை 30 வருஷமாக வைத்திருக்கிறவன் ஏன் வெட்டுகிறான் என்று வந்து கேளுங்கள். எங்கள் பக்கம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தாள் மகன்

நான் உங்கள் கல்லூரியில் படித்தவன்தான், இப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அம்மா, அப்பா இருவரும் இதே வேலைதான். கூட்டத்துக்கு வரவில்லை, சனிக்கிழமை கூலி விட்டால் வாரச் சம்பளம் கணக்கு குறையும். எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும், தாத்தா பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் ஊரில்.

மார்ச், ஏப்ரலில் பதினொரு மணிக்கு மேல் கம்பியைக் கையில் தொட முடியாது. துணியைச் சுற்றிக்கொண்டு பிடிப்போம். தளத்தில் தகரம் அடித்த ஷெட்தான் வீடு, ராத்திரி பத்து மணிக்கும் தகரம் சுடும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று சொன்னது, நல்ல விஷயம். ஆனால் தருமபுரி ஆள் வெயிலில் நிற்பது கர்நாடகத்தில். எந்த மாநிலப் பதிவேட்டில் எங்கள் வெயில் எழுதப்படும்? இந்தக் கேள்வியை உங்கள் கூட்டத் தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதுங்கள், அது போதும்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருவோம். மாட்டுப் பொங்கல் மறுநாள் வைத்தால் நாங்கள் இருப்போம்.

ஆலம்பாடி

எங்கள் கதை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் பென்னாகரம் பக்கம் காட்டோரத்தில் ஆலம்பாடி மாடு வைத்திருக்கிறது. பட்டி போட்டுக் காட்டுக்குள் மேய்ப்பது வழக்கம், பாலை விட எருவுக்குத்தான் வருமானம். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. அப்பாடா என்று இருந்தோம். அதே வருஷம் நவம்பரில் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவித்தார்கள், 686 சதுர கிலோமீட்டர், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த காடு.

காட்டைக் காப்பாற்றக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் 60 மாடு இருந்த இடத்தில் இப்போது 11. பெட்ரோல், டீசல், ஏசி எதையும் அதிகம் தொடாத குடும்பம் நாங்கள், பூமி சூடானதற்கு விலை கொடுப்பவர்கள் பட்டியலில் முதலில் எங்களை ஏன் நிறுத்துகிறார்கள்?

அஞ்செட்டி மலை

ஆலம்பாடி அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் இந்தக் காடு கர்நாடகத்துக் காவிரி சரணாலயத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது, யானை நடக்கிற வழி. அது துண்டானால் யானை தளி, தேன்கனிக்கோட்டை ராகிக் கொல்லையில் இறங்கும், அங்கேயும் ஏழை விவசாயிதான் இருக்கிறான். சரணாலயம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதே நேரம் 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் சமூக உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது, கிராம சபை மூலம் மனு கொடுத்தீர்களா?

ஆலம்பாடி

கொடுக்கவில்லை தம்பி. மனு எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை. காடு துண்டாகக் கூடாது என்று நீங்கள் சொல்வதும் சரிதான், எங்கள் மாட்டுக்கும் அதே காடுதானே.

சட்டம் மூன்றாம் வருஷம்

மனு எழுத நான் வருகிறேன், உண்மையாகச் சொல்கிறேன், என் கூட இரண்டு பேர் வருவார்கள். எல்லோருக்கும் பயன்படும் இன்னொரு தகவல். 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் கானமயில் என்ற அருகிவரும் பறவையைக் காப்பது பற்றிய வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளிலிருந்து வருகிறது என்று சொன்னது. ராஜஸ்தான், குஜராத்தில் மின்கம்பி போடுவது பற்றிய வழக்கு அது, ஆனால் வந்த வாக்கியம் நாட்டுக்கே பொது. சித்தாள் மகன் கேட்ட கேள்வியும் இதற்குள் வரும். அந்த வாக்கியத்துக்குக் கீழே எழுத நம் ஊரிலிருந்து ஆதாரம் வேண்டும். தேதி, இடம், அடி, சென்டிமீட்டர், ரூபாய். இந்த இழையில் இப்போதே பாதி இருக்கிறது.

சாமைச்சோறு

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இன்று மாலை குழுவில் பேசினோம், முடிவு இதுதான்.

கூட்டம் கல்லூரியில் இல்லை, பென்னாகரம் பக்கத்தில் அந்த அக்கா ஊரில், மாட்டுப் பொங்கல் மறுநாள், மாலை 4 மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்தில். ஊர்ப் பெரியவர்களிடம் போனில் கேட்டுவிட்டோம், சம்மதம். முதலில் பேசுவது ஊர்க்காரர்கள், நேரக் கணக்கு கிடையாது. அவர்கள் முடித்த பிறகு ஆசிரியர்கள் 10 நிமிஷம். வாழ்த்துரை இல்லை. சிறப்புரை கொடுத்தவரிடமும் சொன்னேன், "நான் கேட்க வருகிறேன் அம்மா" என்றார். மேடை கிடையாது, ஜமுக்காளம்தான். சாப்பாடு களி, கீரைக் குழம்பு, சாமைப் பாயசம், அவரவர் தட்டு, டம்ளர் கொண்டுவர வேண்டும். போன தடவை நாங்களே 300 பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொடுத்தோம், அது இனி வேண்டாம்.

இன்னொரு வேலை. வருகிற ஒவ்வொருவரும் வீட்டு போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள், பாட்டிலில் ஊர்ப் பெயர், எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். வாத்தியார் சார், சோதிக்க முடியுமா? குழந்தைகள் யாரையும் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டோம், போட்டோ கிடையாது. தண்ணீரைப் பார்த்தால் போதும்.

வேதியியல் வாத்தியார்

முடியும். சிர்கோனியம், அலிசரின் கலவை என் ஆய்வகத்தில் தயார் செய்யலாம். தண்ணீரில் சில சொட்டு விட்டால் ஃபுளூரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும், கூடக் கூட மஞ்சளுக்குப் போகும். பக்கத்தில் நிற அட்டை வைத்துப் பார்த்தால் படிக்காதவர்களுக்கும் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடலாம். இது முதல் சோதனைதான், சந்தேகம் உள்ளதைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி எழுத்தில் வாங்குவோம். கண்ணாடிக் குழாய்கள் நான் எடுத்து வருகிறேன், கழுவ மாணவர்கள் நான்கு பேர் வேண்டும். சோதனையை அந்த ஊர்ப் பெண்களே செய்யட்டும், ஒரு தடவை காட்டினால் போதும்.

சித்தாள் மகன்

நான் வருகிறேன், அப்பா அம்மாவையும் கூட்டி வருகிறேன். ஷெட்டில் நாங்கள் குடிக்கும் தண்ணீரும் ஒரு பாட்டில் கொண்டுவரலாமா? போர் எத்தனை அடி என்று மேஸ்திரியிடம் கேட்டு எழுதுகிறேன்.

சாமைச்சோறு

கட்டாயம் கொண்டுவாருங்கள் அண்ணா. ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் தீரவில்லை. நான்கு மணிக்கு ஆரம்பித்து எல்லோரும் பேசி முடிக்க எட்டு, ஒன்பது ஆகும். அதற்கு மேல் பக்கத்து ஊர்ப் பெண்கள் திரும்ப பஸ் இல்லை.

பெங்களூரா தோப்பு

காய் ஏற்றுகிற டெம்போ சும்மாதான் நிற்கிறது, தையில் காய் ஏது. கழுவி, தார்ப்பாய் விரித்துக் கொண்டுவருகிறேன், டீசல் என் செலவு. எந்தெந்த ஊர், எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டி எழுதுங்கள், கடைசி ஆள் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் நான் கிருஷ்ணகிரி திரும்புவேன்.